நி, அரை மாத்திரை பிந்தி

தோடியை முதல் நாளே விட்டுவிட்டேன்.
கைமணிக்குக் கழுத்தை அசைக்கத் தெரியாது.
அடித்தால் அடித்த இடம்.
காந்தாரத்தை ஒரு மயிரிழை இழுத்துக் காட்டு என்றால்
வெண்கலம் என்னைப் பார்த்து முழிக்கிறது.

சகானா, பைரவி, ஆனந்தபைரவி
ஒவ்வொன்றாய்க் கோடு கீறி வெட்ட
மிஞ்சியது ஹம்சத்வனி.
ஐந்து சுரம், ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு கை.
இடக்கையில் கீழ் ஸ்தாயி, வலக்கையில் மேல்.
கணக்கு இவ்வளவு சுத்தமாய் வந்ததும்
எனக்குச் சந்தேகம் பிடித்தது.

உவர்மலையில் ஒரு டியூஷன் கொட்டகை.
பகலில் வர்க்கமூலம், ஏழு மணிக்குப் பிறகு நாங்கள்.
மேசையில் பழைய ரப்பர் மெத்தை, அதன்மேல் போர்வை:
மணியைக் கீழே வைக்கும் சத்தம் பாட்டில் சேரக் கூடாது.
கையுறை கட்டாயம்.
வியர்வையும் திருமலைக் காற்றும் கூடினால்
ஒரே கிழமையில் வெண்கலம் பச்சை.

சட்ஜமம் குணாளன். மா ஆலையிலிருந்து நேரே வருவான்,
இமையில் மாவோடு.
ரி சுகிர்தா.
க றிஸ்னா, வங்கியில் காசு எண்ணும் கை,
ஒரு தட்டும் தவறாது.
ப தியோகு மாஸ்ரர். அவருடைய இரண்டாம் பக்கத்தைக்
கோட்டைவாசலில், சைக்கிள் கூடைக்குள் தலைவிட்டு
மான் தின்றுவிட்டது.
மானுக்குப் பஞ்சமம் பிடிக்கும் என்று
அன்றிலிருந்து ஒரு பகிடி.
நி பெனடிற்றா. பெரியாஸ்பத்திரி, ஆறாம் வார்ட்.
இரவுக் கடமை எப்போது விழும் என்று
அவளுக்கே தெரியாது.

நான் மணி பிடிப்பதில்லை. எழுதுவேன், அழிப்பேன்.
எந்தக் கை எப்போது வெறுமை,
தோளில் ஒற்றி ஒலியை அணைக்க
யாருக்கு எவ்வளவு நேரம் வேண்டும்.
இசை என்று நினைத்துத்தான் வந்தேன்;
பாதி நாள் இது பஸ் அட்டவணை.

சனிக்கிழமை கச்சேரி.
புதன்கிழமை ஒத்திகைக்கு அவள் இல்லை.
"தைவத மணி ஒன்று பெட்டிக்குள் சும்மா கிடக்குத்தானே," என்றான் குணாளன்.
கிடக்கிறது. நி-யின் கதிரையில் அது உட்கார்ந்தால் மோகனம்.
"மோகனத்துக்கு என்ன குறை?"
ஒரு குறையும் இல்லை. வேறு வீடு, அவ்வளவுதான்.

றிஸ்னாவின் மேல் காந்தாரத்தை இறக்கிவிட்டு
அந்தக் கையில் நி-யைக் கொடுத்துப் பார்த்தேன்.
கூரை பதிந்த வீட்டுக்குள் நெட்டையன் போல
பாட்டு குனிந்து குனிந்து நடந்தது.
அழித்தேன்.

கடைசியில் போனை மெத்தைமேல் வைத்தோம்.
வார்ட் நடையில் நின்றபடி
தன் முறை வரும்போது அவள் சொல்ல வேண்டும்.
மெல்ல; நோயாளிகள் நித்திரை.

க
ப
ஒரு பள்ளம்
ச.

அது ஒலித்து முடியுமுன்
"நீ" என்றது போன்.

தாளில் குறில்தான். அவள் வாயில் நெடில்.
நெட்வேர்க் கொண்டுவந்து சேர்க்க அரை மாத்திரை பிந்தி,
குணாளனின் ச-வோடு உரசி,
இரண்டுக்கும் நடுவே என்னவோ நடுங்கியது.
மணியைத் தோளில் ஒற்ற அவன் மறந்து நின்றான்.

திரும்ப ஒருக்கா, என்றேன்.
மூன்றாம் தடவை யாரோ தண்ணீர் கேட்டார்கள் அங்கே.
தொடர்பு அறுந்தது.

அன்றிரவு, அதுவரை நானே பிடிவாதமாய்க் காத்த விதியை
நானே அழித்து எழுதினேன்:
நி, அரை மாத்திரை பிந்தி.
ச வந்த பிறகும் இரண்டையும் அணைக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வந்தவள் தாளைப் பார்த்தாள்.
"நான் சரியான நேரத்துக்குத்தான் சொன்னனான்."
தெரியும்.
"பிறகு ஏன் பிந்த வேணும்?"

மாஸ்ரர் எழும்பிச் சைக்கிளைப் பார்க்கப் போனார்.
நான் கையுறைகளை நீட்டினேன்.
வலது கையுறையை இடது கையில் போட்டாள், கழற்றினாள்,
மறுபடி போட்டாள்.
குணாளன் ச-வைத் தூக்கிப் பிடித்தபடி
நின்றுகொண்டிருந்தான்.